ஹம்மர்ஃபெஸ்ட் – வார்டோ: 275 கிலோமீட்டர்தானே, ஏன் இவ்வளவு நேரம்?

துளசி_ஹம்மர்ஃபெஸ்ட்

எல்லோருக்கும் வணக்கம்.

பெப்ரவரி நடுப்பகுதியில் ஹம்மர்ஃபெஸ்டிலிருந்து வார்டோவுக்குப் போக வேண்டும். அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, அங்கேதான் இருக்கிறார். எண்பதுகளின் கடைசியில் மீன் ஆலை வேலைக்கென்று ஃபின்மார்க்குக்கு (நோர்வேயின் வடகோடி மாவட்டம், இந்த இரண்டு ஊரும் இங்கேதான்) வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். இப்போது அவருக்கு எழுபதாவது பிறந்தநாள். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்து நிற்கிறா. அண்ணனை நேரில் பார்த்துப் பல வருடமாகிவிட்டது. கூட என் நாலு வயது மகனும் வருவான்.

வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தால் 275 கிலோமீட்டர்தான் வருகிறது. ஆனால் டிக்கெட் தேடினால் ஒரு நாள் இரண்டு மணி நேரம் சொல்கிறது, அடுத்த நாள் ட்ரொம்சோவுக்குப் போய்ச் சுற்றி ஐந்து மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. காரில் 500 கிலோமீட்டர் போல. கப்பலில் கிட்டத்தட்ட ஒரு நாள். நான் ஹம்மர்ஃபெஸ்டுக்கு வேலை மாறி வந்தது போன கோடையில்தான், இந்தப் பக்கத்துக் குளிர்காலப் பயணம் பழக்கமில்லை.

உண்மையான தூரம் எவ்வளவு, பறக்கும் நேரம் எவ்வளவு, அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக எது நல்லது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

---

கணக்கன்

தூரத்தை முதலில் முடித்துவிடலாம்.

இரண்டு விமான நிலையங்களும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஹம்மர்ஃபெஸ்ட் 70.7 பாகை வடக்கு, வார்டோ 70.4. தீர்க்கரேகையில்தான் வித்தியாசம்: 23.7 கிழக்கிலிருந்து 31.0 கிழக்கு வரை. ஏழு பாகைக்குக் கொஞ்சம் கூட. யாழ்ப்பாணத்தில் நின்று கிழக்கே ஒரு பாகை போனால் 110 கிலோமீட்டர் நடக்க வேண்டும். எழுபதாவது அட்சரேகையில் அதே ஒரு பாகை 37 கிலோமீட்டர்தான், ஏனென்றால் துருவத்தை நெருங்க நெருங்கத் தீர்க்கரேகைகள் ஒன்றோடொன்று நெருங்கிக்கொண்டே வருகின்றன. பெருக்கிப் பாருங்கள், 275 சரியாக வந்துவிடும்.

வழக்கமான இணைய வரைபடங்களில் இந்தத் தூரம் மூன்று மடங்காக நீட்டித் தெரியும். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

இப்போது விமானம் போகும் வழி. ஹம்மர்ஃபெஸ்ட் – ஹொன்னிங்ஸ்வோக் 92 கிலோமீட்டர். அங்கிருந்து மேஹாம்ன் 67. பிறகு பெர்லெவோக் 47, போட்ஸ்ஃபியோர்ட் 39, கடைசியாக வார்டோ 57. கூட்டினால் 302. அதாவது கரையோரத்தில் இருக்கும் அத்தனை ஊரிலும் இறங்கி ஏறினாலும் தூரம் கூடுவது 30 கிலோமீட்டருக்கும் குறைவு. ஊர்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் இருக்கின்றன. ஆகவே உங்கள் நேரத்தைத் தின்பது தூரம் இல்லை. தரையிறக்கங்கள்தான்.

சிறிய டாஷ் 8 விமானம் மணிக்கு 480, 490 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 275 கிலோமீட்டரை அது எங்கும் நிற்காமல் போனால் ஓடுபாதையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து 45 நிமிடம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 20 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று நிறுத்தம் என்றால் ஒரு மணி முக்கால். நாலு என்றால் இரண்டு மணி தாண்டும். நீங்கள் தளத்தில் பார்த்த இரண்டு மணி நேரம் அதுதான்.

---

வாராங்கர் மாமா

துளசி பிள்ளை, வணக்கம். உங்கட மாமா வந்த காலத்தில்தான் நானும் இந்தக் கரைக்கு வந்தேன். வார்டோவில் கொஞ்சக் காலம், பிறகு போட்ஸ்ஃபியோர்ட், இப்போது வாட்ஸோ. எங்கட ஆட்கள் நிறையப் பேர் அந்தக் காலத்தில் இந்த மீன்பிடி ஊர்களில் தொடங்கியவர்கள்தான். பிறகு பலர் ஒஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் இறங்கிவிட்டார்கள்.

கணக்கன் தம்பி சொன்ன கணக்கு சரி. நான் அந்தப் பயணம் எப்படியிருக்கும் என்று சொல்கிறேன்.

இது பிளேன் என்றாலும் ஓடுவது பஸ் மாதிரித்தான். 39 சீட். ஒரு ஊரில் நாலு பேர் இறங்குவார்கள், மூன்று பேர் ஏறுவார்கள், தபால் மூட்டை ஒன்று ஏறும், கதவு மூடும். சின்ன நிலையங்களில் செக்-இன் மேசையில் உங்கள் பையை எடை பார்த்த அதே பிள்ளை கொஞ்ச நேரத்தில் மஞ்சள் ஜாக்கெட்டோடு வெளியே நின்று அந்தப் பையை ஏற்றிக்கொண்டிருப்பாள். ஆட்கள் குறைவாக இருந்தால் எடை சமநிலைக்காகச் சீட் மாறி இருக்கச் சொல்வார்கள். பிள்ளைக்கு அதெல்லாம் நல்ல பிராக்காக இருக்கும். உயரமாகப் பறக்காது, வெளிச்சம் இருந்தால் கீழே ஒவ்வொரு முனையும் ஃபியோர்டும் (நிலத்துக்குள் நீளமாக நுழைகிற கடல்) தெரியும்.

ஆனால் பெப்ரவரி. அதைத்தான் யோசிக்க வேண்டும். இங்கே விமானத்தை நிறுத்துவது குளிர் இல்லை, காற்று. பாரென்ட்ஸ் கடலில் ஒரு சின்னத் தாழமுக்கம் உருவானால் சில மணி நேரத்துக்குள் பனிப்புயல் கரைக்கு வந்துவிடும். ஹம்மர்ஃபெஸ்ட் ஓடுபாதை 900 மீட்டர் கூட இல்லை, பக்கத்தில் மலை. காற்று ஒரு பக்கத்திலிருந்து அடித்தால் சுழல் எழும். விமானி வட்டமிட்டுப் பார்ப்பார், சரிவராவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அது அவருடைய நல்ல முடிவு, அதில் யாரும் கோபப்படக் கூடாது.

நடுவில் ஒரு ஊரில் காற்று என்றால் அந்த ஊரைத் தாண்டிப் போய்விடும். நீங்கள் போகும் ஊரே அதுவாக இருந்தால் வாட்ஸோவிலோ கிர்க்கெனஸிலோ இறக்குவார்கள். வாட்ஸோவில் இறக்கினால் கவலையில்லை, அங்கிருந்து வார்டோ ரோட்டில் 75 கிலோமீட்டர். கிர்க்கெனஸில் இறக்கினால் கதை வேறு. நேர்கோட்டில் 83 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் வாராங்கர் ஃபியோர்ட் கிடக்கிறது. அதைச் சுற்றி ரோட்டில் 245 கிலோமீட்டர்.

---

சென்னைக் குமரன்

நான் நார்வேயில் வசிப்பவன் இல்லை. விமானப் போக்குவரத்தில் ஆர்வம் உண்டு, வடதுருவ ஒளி பார்க்க இந்தக் கரைக்கு வந்து போயிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து ஒரு கேள்வி.

39 பேர் விமானம், 39 கிலோமீட்டர் பயணம், அதற்கு ஓர் ஓடுபாதை, தீயணைப்பு வண்டி, பனி அள்ளும் இயந்திரம், வானிலை ஆள். இப்படி ஐந்தாறு ஊருக்கு ஐந்தாறு நிலையம். இவற்றில் பாதியை மூடிவிட்டு, இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஓடுபாதை உள்ள அல்டா, கிர்க்கெனஸ் போன்றவற்றையும் அவற்றுக்குப் போகும் சாலைகளையும் நன்றாக வளர்த்தால் என்ன? ஜெட் விமானம் நேரடியாக ஆஸ்லோவிலிருந்து வரும், ரத்து ஆவதும் குறையும். ஹம்மர்ஃபெஸ்ட் மக்கள் 140 கிலோமீட்டர் ஓட்டினால் அல்டா வந்துவிடுமே. அரசு மானியத்தில் பறக்கும் பாதைகள் இவை. அதே பணத்தில் சாலைக்குச் சுரங்கம் போடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே பறக்கும் டாஷ் 8-100 இப்போது தயாரிப்பிலேயே இல்லை. 800 மீட்டர் ஓடுபாதையில் இறங்கி ஏறக்கூடிய 40 சீட் விமானத்துக்கு மாற்று எங்கே? ஏ.டி.ஆர். நிறுவனம் அதற்கென்றே 42-600எஸ் என்று ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தது, 2023 நவம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டது. இந்தப் பாதைகளில் பறக்கும் வீடெரோ நிறுவனம் தன் பழைய விமானங்களின் ஆயுளை 80,000 பறப்புச் சுழற்சியிலிருந்து (ஒரு தடவை ஏறி இறங்குவது ஒரு சுழற்சி) 1,20,000 வரை நீட்டிக்க வழி செய்துகொண்டது. நல்ல விமானம்தான், நல்ல பராமரிப்புதான். ஆனால் அந்த எண்ணும் ஒரு நாள் தீரும். அப்போது என்ன செய்வார்கள்?

---

கடற்காகம்

நான் மீன் லொறி ஓட்டுகிறவன். ரோட்டை நம்பலாம் என்று சொல்கிற எல்லோரும் ஒரு தரம் பெப்ரவரியில் இஃபியோர்ட் மலைக்கு வர வேண்டும்.

துளசி அக்காவுக்கு முதலில் வழியைச் சொல்கிறேன். ஹம்மர்ஃபெஸ்டிலிருந்து ஸ்கைடி 57 கிலோமீட்டர். பிறகு ஓல்டர்ஃபியோர்ட் வழியாக லாக்செல்வ். அங்கே இரண்டு வழி பிரியும். ஒன்று கரையோரமாகப் போய் இஃபியோர்ட் மலையைத் தாண்டித் தானா பாலத்தில் இறங்கும். இது கிட்டிய வழி, மொத்தம் 500 கிலோமீட்டர் வரும். மற்றது தெற்கே கராஷோக்குப் போய், ஃபின்லாந்து எல்லை ஆற்றோரமாகத் தானாவுக்கு ஏறும். இது 40, 50 கிலோமீட்டர் கூட. குளிர்காலத்தில் நான் பெரும்பாலும் கூடுதல் வழியில்தான் போவேன். கராஷோக் பக்கம் குளிர் பயங்கரம், 1886இல் மைனஸ் 51.4 பதிவான இடம், ஆனால் அங்கே காற்று குறைவு. குளிரில் வண்டி ஓடும். காற்றில் பறக்கிற பனியில் முன்னால் ஒன்றும் தெரியாது, கண்ணாடிக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டினது போலத்தான்.

மலை ரோட்டில் காற்று கூடினால் தடுப்புக் கம்பத்தை இறக்கிவிடுவார்கள். பிறகு கொலோனெ, அதாவது பனி அள்ளும் வண்டி முன்னே போக, பின்னால் எல்லா வண்டியும் வரிசையாகப் போக வேண்டும். அதற்கு ஒரு நேரம் உண்டு, அந்த நேரத்துக்கு நீங்கள் தடுப்புக் கம்பத்தில் நிற்க வேண்டும். காற்று இன்னும் கூடினால் கொலோனெயும் இல்லை, முழுதாக மூடிவிடுவார்கள். வாட்ஸோ – வார்டோ ரோட்டில் மலை இல்லை, கடலோரம்தான், அதுவும் மூடும்.

வெளிக்கிட முதல் 175க்கு அடித்து ரோட்டு நிலை கேளுங்கோ. ஆணி டயர் கட்டாயம் இருக்கட்டும், வடக்கில் ஒக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை அதற்கு அனுமதி. டாங்கியைப் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். வண்டிக்குள் போர்வை, சுடுதண்ணீர் ஃபிளாஸ்க், பிள்ளைக்குச் சாப்பாடு. மூடிய ரோட்டில் வண்டிக்குள் பல மணி நேரம் இருக்க வேண்டி வரலாம் என்று நினைத்துத்தான் ஏற வேண்டும்.

இன்னொன்று. தானா ஆற்றோரத்தில் கைபேசி ஃபின்லாந்து கோபுரத்தைப் பிடித்தால் மணிக்கூடு ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிடும். கொலோனெ நேரத்தைப் பார்க்கும்போது இது குழப்பும். கைபேசியில் தானியங்கி நேரத்தை நிறுத்தி வையுங்கோ.

எல்லாம் சரியாக இருந்தால் ஏழு, எட்டு மணி நேரம். நாலு வயதுப் பிள்ளையோடும், முதல் தரம் பனி பார்க்கிற அம்மாவோடும் நான் இந்த ரோட்டில் போக மாட்டேன்.

---

வாராங்கர் மாமா

குமரன் தம்பியின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட மாட்டேன்.

1974க்கு முன் ஹம்மர்ஃபெஸ்ட், மேஹாம்ன், பெர்லெவோக், வாட்ஸோ இந்த நாலு ஊரிலும் வழக்கமான பயணிகள் விமானத்துக்கு ஓடுபாதை இல்லை. கப்பல், இல்லாவிட்டால் கடலில் இறங்கும் விமானம். பெர்லெவோக்கில் குளிர்காலத்தில் ரோடு மூடினால் கப்பல்தான் வாசல். அந்த ஆண்டு இந்த நாலு இடத்திலும் 800 மீட்டர் அளவில் ஓடுபாதை போட்டு, இருபது பேர் கூட ஏறாத ட்வின் ஒட்டர் விமானத்தை ஓடவிட்டார்கள். மீன் விலை பேச வருகிறவர், பல் வைத்தியர், பள்ளிக்கூடத்துக்கு வருகிற புது ஆசிரியர், எல்லோரும் அதிலேதான் வந்தார்கள். ஊர் காலியாகாமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் நான் நம்புகிறேன்.

அல்டாவுக்கு 140 கிலோமீட்டர் ஓட்டலாம் என்கிறீர்கள். ஹம்மர்ஃபெஸ்ட் ஆட்கள் ஓட்டலாம், தேவைப்படும்போது ஓட்டுகிறார்கள். விமானம் அல்டாவுக்குத் திருப்பப்பட்டால் பஸ்ஸில் வந்து சேர்வதும் நடக்கிறதுதான். ஆனால் பெர்லெவோக் ஆள் எங்கே ஓட்டுவார்? அவருடைய ஊருக்கு ஒரே ஒரு ரோடு, அது ஒரு மலை மேலால் போகிறது. விமானம் நிற்கிற அதே காற்றுத்தான் ரோட்டையும் மூடும் என்று சொல்வீர்கள். பாதி உண்மை. காற்று நின்றதும் ஓடுபாதையை முதலில் துடைத்துவிடலாம், அது ஒரு கிலோமீட்டர். நூறு கிலோமீட்டர் மலை ரோட்டைத் துடைத்து முடிக்க அடுத்த காற்று வந்துவிடும்.

மானியம் என்றால் மானியம்தான். அரசு டெண்டர் விட்டு இந்தப் பாதைகளை வாங்குகிறது. இந்தக் கரையிலிருந்து போகிற மீனும், ஹம்மர்ஃபெஸ்டுக்கு எதிரே மெல்கோயா தீவிலிருந்து 2007 முதல் கப்பலில் போகிற எரிவாயுவும் நாட்டுக்குப் பணம் கொண்டுவருகின்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்கு இங்கே இருக்கிறவன் ஆஸ்பத்திரிக்குப் போகச் செலவாகட்டும்.

---

ரேவதி_தாதி

ஆஸ்பத்திரி என்று வந்ததால் நானும் எழுதுகிறேன். ஃபின்மார்க்கில் மருத்துவமனை இரண்டு: ஹம்மர்ஃபெஸ்டிலும் கிர்க்கெனஸிலும். அதற்கு மேல் தேவையானால் ட்ரொம்சோ பல்கலைக்கழக மருத்துவமனை. வார்டோ, வாட்ஸோ, போட்ஸ்ஃபியோர்ட் ஆட்கள் பெரும்பாலும் கிர்க்கெனஸுக்குத்தான் வருவார்கள்.

காலையில் வருகிற விமானத்தில் எத்தனை பேர் கையில் மருத்துவக் கடிதத்தோடு வருகிறார்கள் என்று பார்த்தால் இந்த விவாதம் வேறு மாதிரி இருக்கும். கண் ஊசி, எலும்பு எக்ஸ்ரே, கர்ப்ப ஸ்கேன். எண்பது வயது ஆச்சி ஒருவர் போட்ஸ்ஃபியோர்டிலிருந்து காலையில் வந்து, இருபது நிமிடம் வைத்தியரைப் பார்த்துவிட்டு, சாயந்தரம் வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாடு சாப்பிடலாம். அதே ஆச்சியை மலை ரோட்டில் பஸ்ஸில் ஏற்றினால் ஒரு இரவு வெளியே தங்க வேண்டும். பலர் அதற்குப் பயந்து வராமலே விட்டுவிடுவார்கள். வராத நோயாளி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

அவசரம் என்றால் ஆம்புலன்ஸ் விமானம் வேறு. அதற்கும் இறங்க ஓடுபாதை வேண்டும். நிலையத்தை மூடினால் அந்த ஓடுபாதையை யார் பனி அள்ளி வைத்திருப்பார்கள்?

குமரன் சொன்ன விமான ஆயுள் விஷயம் மட்டும் எனக்கும் கவலைதான். அதை இங்கே எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

---

சென்னைக் குமரன்

ரேவதி அக்கா சொன்ன "வராத நோயாளி" என்னை யோசிக்க வைக்கிறது. நான் பயணிகள் எண்ணிக்கையை வைத்துத்தான் பார்த்தேன்.

ஆனாலும் என் கேள்வியின் பாதி நிற்கிறது. 800 மீட்டர் என்று பிடிவாதமாக இருந்தால் உலகில் எந்த நிறுவனமும் அதற்கு விமானம் செய்யாது, சந்தை அவ்வளவு சிறியது. ஓடுபாதைகளை 1,100, 1,200 மீட்டருக்கு நீட்டினால் தேர்வு கொஞ்சம் விரிகிறது. வார்டோவில் ஏற்கெனவே 1,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது, போர்க்காலத்தில் ஜெர்மானியர் கட்டிய தளம் என்பதால். மூடுவதற்குப் பதில் நீட்டலாம் என்று என் கருத்தை மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

வாராங்கர் மாமா

நீட்டட்டும், அதை யார் வேண்டாம் என்றது? ஆனால் சில இடத்தில் ஒரு முனையில் கடல், மறு முனையில் பாறை. எங்கே நீட்ட முடியும் என்று ஊர் ஊராகப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே விடை தேடாமல் இருந்தால் எனக்குப் போதும்.

---

துளசி_ஹம்மர்ஃபெஸ்ட்

எல்லோருக்கும் நன்றி. கார் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன். கப்பல் எப்படி? அம்மாவுக்கு விமானம் என்றால் கொஞ்சம் பயம், சின்ன விமானம் என்று சொன்னால் இன்னும் கூடும். கப்பலில் படுத்துக்கொண்டே போகலாமே என்கிறா.

---

கடற்காகம்

கரையோரக் கப்பல் 1893இலிருந்து ஓடுகிறது, இப்போது ஹுர்டிகுருட்டன், ஹாவிலா என்ற இரண்டு நிறுவனங்கள் பங்கிட்டு ஓட்டுகின்றன. ஒவ்வொரு நாளும் உண்டு. ஹம்மர்ஃபெஸ்டில் விடிய ஆறு மணி போல வெளிக்கிடும். ஹொன்னிங்ஸ்வோக்கில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கும், சுற்றுலா ஆட்கள் வடமுனை (நோர்ட்காப்) பார்க்கப் போவதற்காக. பிறகு ஷியோல்லெஃபியோர்ட், மேஹாம்ன், பெர்லெவோக், போட்ஸ்ஃபியோர்ட். வார்டோவுக்குச் சேர விடிய மூன்று மணி தாண்டும். மொத்தம் 21 மணி நேரம் போல.

இரண்டு விஷயத்தை யோசியுங்கோ. ஒன்று, விடிய மூன்று மணிக்குப் பிள்ளையை எழுப்பி, உடுப்புப் போட்டு, பனியில் இறக்க வேண்டும். மாமா வந்து நிற்பார்தான். இரண்டாவது, ஹொன்னிங்ஸ்வோக் இருக்கிற மகெரோயா தீவைத் தாண்டியதும் கப்பலுக்கு மறைப்பு இல்லை, திறந்த பாரென்ட்ஸ் கடல். பெப்ரவரியில் அங்கே அலை எழும்பினால் பழகின மீன்பிடிக்காரனும் சுவரைப் பிடிப்பான். கடல் மோசமென்றால் சின்னத் துறைமுகங்களில் நிற்காமலும் போகும்.

நல்ல கடலாக இருந்தால் இதைவிட நல்ல பயணம் கிடையாது. கபின் எடுங்கோ, கதிரையில் இருக்க வேண்டாம். திரும்பி வரும்போது கப்பல் வார்டோவைச் சாயந்தரத்துக்கு முதல் பிடிக்கும், அந்த நேரம் வசதி. ஆகவே போக விமானம், வரக் கப்பல் என்றும் பார்க்கலாம்.

---

கணக்கன்

நடுவில் ஒரு சின்ன விலகல், மன்னிக்கவும். இந்த இரண்டு ஊரையும் ஒரே இழையில் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டுமே 1789இல் ஒன்றாக நகர அந்தஸ்துப் பெற்றவை. இரண்டுமே தூரம் அளந்த கதையில் இடம் பெற்றவை. 1769 ஜூனில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது மாக்சிமிலியன் ஹெல் என்ற வானியலாளர் வியன்னாவிலிருந்து வார்டோவுக்கு வந்து, நள்ளிரவுச் சூரியனில் அந்தக் கடப்பைப் பார்த்துக் குறித்தார். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடுவதற்காக. அவர் கணக்கு இன்றைய மதிப்புக்கு வெகு அருகில் வந்தது. ஹம்மர்ஃபெஸ்டில் ஃபுக்லெனஸ் முனையில் ஒரு கல்தூண் நிற்கிறதல்லவா, துளசி பார்த்திருப்பீர்கள். அது ஸ்ட்ரூவே அளவைக் கோட்டின் வடக்கு முனை. 1816 முதல் 1855 வரை கருங்கடல் கரையிலிருந்து அங்கே வரை 2,820 கிலோமீட்டரை முக்கோணம் முக்கோணமாக அளந்து பூமியின் உருவத்தையும் அளவையும் கண்டார்கள். 2005இல் அது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அம்மாவைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

பயணத்துக்கு உதவும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வார்டோ இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே இருக்கிறது, ஆனால் மணிக்கூடு ஒஸ்லோ மணிக்கூடுதான். அதனால் ஹம்மர்ஃபெஸ்டைவிட அங்கே சூரியன் அரை மணி நேரம் முந்தி எழும், அரை மணி முந்தி விழும். பெப்ரவரி நடுவில் ஏழு மணி நேரம் போல வெளிச்சம் இருக்கும், பிற்பகல் மூன்றுக்கெல்லாம் சூரியன் போய்விடும். அம்மாவுக்குக் கரையைப் பார்க்கக் காலை விமானம் நல்லது.

---

வாராங்கர் மாமா

சரி, பிள்ளைக்குத் திட்டத்தைச் சொல்வோம்.

பிறந்தநாளுக்கு முதல் நாள் போகாதீர்கள். இரண்டு நாள் முன்னதாகவே போங்கோ. காலையில் முதல் விமானம் எடுங்கோ. அது ரத்தானாலும் அன்றைக்கே இன்னொன்று இருக்கலாம், மாலை விமானம் ரத்தானால் இரவு போய்விட்டது. ட்ரொம்சோ சுற்றிக் காட்டுகிற ஐந்து மணி நேர டிக்கெட்டை ஒதுக்காதீர்கள். மேற்கே போய்க் கிழக்கே வருவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், ஆனால் கரையோரச் சின்ன நிலையங்களில் காற்று என்றால் அந்த வழியால் கிர்க்கெனஸ் வரையாவது போய்விடலாம். பெரிய ஓடுபாதை.

எல்லாக் கட்டத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கோ. தனித்தனியாக மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் பிந்தியதில் அடுத்த டிக்கெட்டை இழந்து, ஹோட்டலுக்கும் தாங்களே கட்டியது.

ரேவதி_தாதி

மாமா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. நோர்வே ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் இருப்பதால் ஐரோப்பிய விமானப் பயணி உரிமை விதி இங்கேயும் செல்லும். காலநிலையால் ரத்தானால் நட்டஈட்டுப் பணம் கிடைக்காது. ஆனால் வேறு வழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், காத்திருக்கும்போது சாப்பாடும், இரவு தங்க வேண்டுமென்றால் ஹோட்டலும் அவர்கள் பொறுப்பு. அம்மாவுக்கு மொழி தெரியாது என்பதால் கவுன்டரில் நீங்களே போய்க் கேளுங்கோ. நீங்களாக வேறு டிக்கெட் வாங்க முதல் அவர்கள் என்ன வழி தருகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

அம்மாவின் மருந்து எல்லாம் கைப்பையில். பெட்டி ஒரு ஊரிலும் ஆள் இன்னொரு ஊரிலும் இறங்குவது இந்தப் பாதையில் நடக்கும். பிள்ளைக்கு ஒரு மாற்று உடுப்பும் கையில் இருக்கட்டும். காற்று நாளில் இறங்கும்போது ஆடும், சிலர் வாந்தி எடுப்பார்கள், அம்மாவுக்கு அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கோ. தெரிந்திருந்தால் பயம் பாதி.

---

துளசி_ஹம்மர்ஃபெஸ்ட்

இரண்டு நாள் முன்னதாகக் காலை விமானம் எடுத்தாயிற்று, ஒரே டிக்கெட், மூன்று இடத்தில் நின்று போகிறது. திரும்பி வரக் கப்பலில் கபின். கடல் எப்படியிருக்கிறதென்று பார்த்துக்கொண்டு கடைசியில் முடிவு செய்வோம். இன்னும் ஒரே ஒரு கேள்வி: வார்டோ விமான நிலையத்திலிருந்து ஊருக்கு நடந்து போகலாமா? மாமாவுக்குத் தெரியாமல் போய்க் கதவைத் தட்ட அம்மா ஆசைப்படுகிறா.

வாராங்கர் மாமா

நடக்க ஏலாது பிள்ளை. விமான நிலையம் ஸ்வார்ட்னெஸில், பெருநிலப் பக்கத்தில் இருக்கிறது. ஊர் தீவில். நடுவில் கடலுக்கு அடியால் சுரங்க ரோடு, 2.9 கிலோமீட்டர், கடல்மட்டத்திலிருந்து 88 மீட்டர் கீழே இறங்கி ஏறும். நோர்வேயில் கடலுக்கடியில் போட்ட முதல் வாகனச் சுரங்கம் அதுதான், எண்பதுகளின் தொடக்கத்தில் திறந்தது. டாக்ஸி வெளியே காத்துக்கொண்டு நிற்காது, முதல் நாளே சொல்லி வையுங்கோ, பிள்ளைக்குச் சீட் வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கோ.

ஆனால் சொல்லாமல் போவது பற்றி யோசியுங்கோ. விமானம் வாட்ஸோவில் இறக்கினால் கூட்டிக்கொண்டு போக வரப்போகிறவர் உங்கட மாமாதான்.

கடற்காகம்

அப்படி வாட்ஸோவில் இறக்கினால் இங்கே ஒரு வரி எழுதுங்கோ அக்கா. அந்தக் கிழமை நான் வாட்ஸோ பக்கம்தான் ஓடுகிறேன். லொறியில் மூன்று பேரை ஏற்ற முடியாது, ஆனால் கார் வைத்திருக்கிற நம்மட ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். கேட்டு வைக்கிறேன்.